ஆணைத் தின்னும் சிலந்தி எப்படி ஊர் ஊராகப் பரவுகிறது?

நாற்காலிக்கு அடியில் இருந்தது விஷச் சிலந்தியா என்றுதான் உங்கள் கேள்வி தொடங்குகிறது. வேளச்சேரியில் உங்கள் குடியிருப்பின் பார்க்கிங்கில் நெடுநாள் யாரும் தொடாமல் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலி, அதன் அடியில் பழுப்பு நிறச் சிலந்தி, வயிற்றின் கீழ்ப்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு குறி, பக்கத்தில் முள் முளைத்த உருண்டைகள் நான்கைந்து. குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "துறைமுகத்துக் கன்டெய்னரில் வந்த வெளிநாட்டுச் சிலந்தி இது, பெண் ஆணைத் தின்றுவிடும்" என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்ததும் உங்களுக்கு எழுந்த சந்தேகம்தான் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன்: கூடியதுமே ஆணைத் தின்றுவிட்டால் அந்த இனம் பெருகுவதே கஷ்டமாயிற்றே, அப்புறம் எப்படி இத்தனை நாடுகளுக்குப் பரவியது? ஒன்றை அடித்துவிட்டால் தொல்லை முடிந்துவிடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன் நான். சென்னையைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் புதர்க்காடுகளிலும் மாணவர்களோடு பல ஆண்டுகளாகச் சிலந்திகளைப் பார்த்து வருகிறேன். மருத்துவன் அல்ல, ஆகவே கடியைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சுருக்கமான பதில் இதுதான். புது ஊரில் காலூன்றுவதற்கு ஆணும் பெண்ணும் சோடியாக வந்து இறங்க வேண்டியதில்லை. ஏற்கெனவே கூடிவிட்ட ஒரு பெண் வந்தால் போதும். ஆணின் சாவு பல வாரங்களுக்கு முன்பு, வேறு ஏதோ ஒரு துறைமுகக் கிடங்கில் நடந்து முடிந்திருக்கலாம். பரவலுக்கு அது தடையே இல்லை. அந்தப் பெண் தன் உடம்புக்குள் அடுத்த தலைமுறைகளுக்குத் தேவையானதைச் சுமந்துகொண்டுதான் வருகிறது.

அது என்ன சிலந்தி என்பதை முதலில் பார்த்துவிடலாம். நீங்கள் சொன்ன அடையாளங்களில் எனக்கு நம்பிக்கை தருவது வயிற்றுக் குறியைவிட அந்த முள் உருண்டைகள்தான். அவை முட்டைப் பைகள். லாட்ரோடெக்டஸ் என்ற பேரினத்துச் சிலந்திகளை விடோ சிலந்திகள் என்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை கட்டும் முட்டைப் பை வழவழப்பாக இருக்கும். பிரவுன் விடோ எனப்படும் லாட்ரோடெக்டஸ் ஜியோமெட்ரிகஸ் கட்டும் பை மட்டும் வெளிர் மஞ்சளாக, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அளவில், மேலெல்லாம் நூல் முட்களோடு இருக்கும். பெண்ணின் உடல் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலே. கால்களில் பட்டை பட்டையாக நிறம் மாறும். வயிற்றின் கீழே உடுக்கை வடிவத்தில் ஆரஞ்சுக் குறி. வலை வட்டமாக, அழகாக இருக்காது. தாறுமாறாக ஒட்டடை போலத்தான் தெரியும், அதனாலேயே யாரும் கவனிப்பதில்லை. ஆனால் குச்சியால் இழுத்துப் பார்த்தால் நூல் வழக்கத்தைவிட முறுக்காக இருப்பது கையிலேயே தெரியும். படம் இல்லாமல் நூறு சதவீதம் உறுதி சொல்ல மாட்டேன், ஆனால் முள் உருண்டையும் ஆரஞ்சுக் குறியும் சேர்ந்து இருந்தால் வேறு சிலந்தியாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

இனி கூடல். சிலந்திகளில் ஆணின் வேலை கொஞ்சம் விசித்திரமானது. விந்து உருவாவது வயிற்றில். ஆனால் அதைப் பெண்ணிடம் சேர்ப்பது முகத்தருகே இருக்கும் பெடிபால்ப் என்ற இரண்டு சிறு உறுப்புகள். வயிற்றுக்கும் அவற்றுக்கும் உடலுக்குள் எந்த இணைப்பும் கிடையாது. அதனால் ஆண் முதலில் ஒரு சின்ன வலை பின்னி, அதில் ஒரு துளி விந்தை விட்டு, பேனாவுக்கு மை நிரப்புவதுபோல அதைப் பெடிபால்ப்பில் உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. அப்புறம்தான் பெண்ணைத் தேடிப் புறப்படுகிறது. விடோ ஆண்கள் மிகச் சிறியவை, பெண்ணுக்கு முன்பே முதிர்ந்துவிடுபவை, குறைந்த நாளே வாழ்பவை. பெண் எங்கே இருக்கிறது என்பதை அதன் வலை நூலில் இருக்கும் வாசனைப் பொருள்தான் காட்டிக்கொடுக்கிறது. வட அமெரிக்காவின் மேற்குக் கறுப்பு விடோவில் ஆண் இன்னொரு காரியமும் செய்கிறது. பெண்ணின் வலையில் ஒரு பகுதியை அறுத்து, சுருட்டி, தன் நூலால் மூடிவிடுகிறது. வாசனை குறைகிறது, மற்ற ஆண்கள் அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதும் குறைகிறது. மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும் ஒரு ஜீவன் போட்டியாளரின் மூக்கை மறைக்க இவ்வளவு பாடுபடுகிறது என்பதை முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்றுவரை குறையவில்லை.

ஆணைத் தின்பது உண்மைதான். ஆனால் எல்லா விடோ இனங்களிலும் ஒரே மாதிரி இல்லை. அமெரிக்கக் கறுப்பு விடோக்களுக்கு வந்த கெட்ட பெயரில் பாதி, கூண்டுக்குள் வைத்துப் பார்த்ததால் வந்தது. தப்பி ஓட வழியில்லாத இடத்தில் ஆண் மாட்டிக்கொள்கிறது, வெளியில் பல ஆண்கள் தப்பிவிடுகின்றன. ஆஸ்திரேலியாவின் சிவப்பு முதுகுச் சிலந்தியான ரெட்பேக் கதை வேறு. அதில் கூடலின் நடுவே ஆணே குத்துக்கரணம் போட்டு, தன் வயிற்றைப் பெண்ணின் வாய்க்கு நேராகக் கொண்டுபோய் வைக்கிறது. ஏறக்குறைய 65 சதவீத ஆண்கள் அப்படியே உண்ணப்பட்டுவிடுகின்றன. இது வெறும் தற்கொலையா என்ற கேள்விக்குச் சிலந்தி ஆய்வாளர் மேடியான் ஆன்ட்ரேட் 1996-இல் சயின்ஸ் இதழில் விடை தந்தார். தின்னப்படும் ஆண் அதிக நேரம் கூடுகிறது, பிழைத்துப்போகும் ஆணைவிட அதிக முட்டைகளுக்குத் தந்தையாகிறது, அதை உண்ட பெண் அடுத்த ஆணை ஏற்பதும் குறைகிறது. இன்னொரு பெண்ணைத் தேடிப் போகும் வழியிலேயே பெரும்பாலான ஆண்கள் செத்துப்போகும் என்பதால், அந்தக் கணக்கில் இது நட்டமில்லை. பிரவுன் விடோ ஆணும் இதே குத்துக்கரணத்தைப் போடுகிறது.

உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்தும் விஷயம் இதற்கு அடுத்ததுதான். 2016-இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஒன்று, ரெட்பேக்கிலும் பிரவுன் விடோவிலும் ஆண்கள் இன்னும் முதிராத பெண்களோடும் கூடுகின்றன என்று காட்டியது. கடைசித் தோலுரிப்புக்குச் சில நாள் முன்பு பெண்ணின் விந்து சேமிக்கும் பைகள் உள்ளே உருவாகிவிடுகின்றன, ஆனால் வெளித்தோல் அதை மூடியிருக்கிறது. ஆண் அந்தத் தோலைத் துளைத்துக் கூடுகிறது. பிறகு பெண் தோலுரித்து முதிர்ந்தாலும் உள்ளே சேர்ந்த விந்து வீணாவதில்லை, முட்டைகள் கருவுறுகின்றன. முதிராத பெண்கள் ஆணைத் தின்பதும் மிக அரிது. ஆக, ஆண் உயிரோடு திரும்பவும் வழி கிடைக்கிறது. இதைப் பரவலின் பார்வையில் பாருங்கள். ஒரு பெட்டியின் மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் பெண், பார்ப்பதற்குச் சின்னதாக, முதிராததாக இருந்தாலும் ஏற்கெனவே கூடி முடித்ததாக இருக்கலாம். இது பரவலுக்கு எந்த அளவு உதவியது என்று யாரும் அளந்து சொல்லிவிடவில்லை. உதவக்கூடியது என்பது என் கணிப்பு, நிரூபணம் அல்ல.

ஆனால் விந்தைச் சேமிப்பது கணிப்பு அல்ல, உறுதியான விஷயம். விடோ பெண்ணுக்குள் விந்து சேமிக்க இரண்டு பைகள் உண்டு. கூடலின்போது ஆணின் உறுப்பு நுனி உடைந்து அந்தப் பைக்குள்ளேயே தங்கி, பின்னால் வரும் ஆணுக்கு அடைப்பாகவும் பயன்படுவது உண்டு. ரெட்பேக் பெண் இப்படிச் சேமித்ததை இரண்டு ஆண்டுவரைகூட வைத்திருந்து, முட்டைப் பை மேல் முட்டைப் பையாகக் கட்டும். பிரவுன் விடோ வாழ்நாளில் இருபது பைகள்வரை கட்டக்கூடியது, ஒவ்வொன்றிலும் வழக்கமாக 120 முதல் 150 முட்டைகள். பெருக்கிப் பாருங்கள், ஒரு கூடலிலிருந்து இரண்டாயிரத்துக்கும் மேல். அதில் மிகப் பெரும்பாலானவை குஞ்சிலேயே செத்துவிடும், ஒன்றையொன்று தின்றும் தீர்க்கும். இருந்தாலும் நூற்றில் ஒன்று தப்பினால்கூட உங்கள் பார்க்கிங்கில் இருபது சிலந்திகள். ஒன்றை அடித்தால் முடிந்துவிடுமா என்று கேட்டீர்களே, அந்த உருண்டைகளை விட்டுவைத்துத் தாயை மட்டும் அடித்தால் எதுவும் முடியாது.

சிலந்திகள் காற்றில் பறந்தும் போகும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது நிஜம். குஞ்சுகள் உயரமான இடத்தில் ஏறி, நூலை விட்டு, காற்றோடு மிதந்து போகின்றன. 1832-இல் தென் அமெரிக்கக் கரையிலிருந்து அறுபது மைல் தள்ளி நின்ற பீகிள் கப்பலின் கயிறுகளில் ஆயிரக்கணக்கான சிலந்திகள் வந்து ஒட்டியதை டார்வின் எழுதி வைத்திருக்கிறார். 1883-இல் இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடித்துச் சிதறியபின், அடுத்த ஆண்டு அந்தத் தீவில் இறங்கிய குழுவினர் கண்ட ஒரே உயிர் ஒரு சின்னச் சிலந்தி. ஆனால் காற்றில் வருவது பெரும்பாலும் கன்னிக் குஞ்சு. அது வளர வேண்டும், அதே இடத்துக்கு அதே இனத்தில் இன்னொன்று வந்து சேர வேண்டும். கப்பலில் வருவது முட்டையிடத் தயாரான தாய், அல்லது நூறு குஞ்சு அடங்கிய பை. படையெடுப்பு என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இரண்டாவது வழியில் நடந்தது. விடோ சிலந்திகள் மனிதன் நகர்த்தும் பொருள்களின் அடிப்பக்கத்தை விரும்புபவை. நாற்காலி, மரப் பலகைத் தட்டு, டயர், பூந்தொட்டி, லாரியின் அடிச்சட்டம். தீனி இல்லாமல் பல வாரம் தாங்கவும் செய்யும்.

ரெட்பேக் 1980-களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஒட்டாகோ பகுதியிலும், 1995-இல் ஜப்பானின் ஒசாகா பக்கத்திலும் கண்டுபிடிக்கப்பட்டது இப்படித்தான். நியூசிலாந்தில் காட்டிப்போ என்ற அவர்களின் சொந்த விடோ ஒன்று கடற்கரை மணல்மேடுகளில் வாழ்கிறது. ரெட்பேக் ஆண் காட்டிப்போ பெண்ணோடு கூடிக் கலப்புக் குஞ்சுகள் பிறக்க முடிகிறது. அங்கே அபாயம் விஷத்தில் இல்லை, கூடலில் இருக்கிறது. வந்தேறி இனம் உள்ளூர் இனத்தை அடித்து விரட்டாமலே அதன் மரபைக் கரைத்துவிட முடியும். ஜோரோ என்ற பெரிய மஞ்சள் சிலந்தி கிழக்காசியாவுக்குரியது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 2014-இல் அடையாளம் காணப்பட்டு இன்று பல மாநிலங்களில் இருக்கிறது. அதன் பெண் குளிர்காலத்துக்கு முன்பே செத்துவிடும், குளிரைக் கடப்பது முட்டைப் பைதான். ஆகவே அது கன்டெய்னரில் பையாகப் போயிருக்கவே வாய்ப்பு அதிகம். இவற்றையெல்லாம் மிஞ்சியது ட்ரயேரிஸ் ஸ்டெனாஸ்பிஸ் என்ற பொடிச் சிலந்தி. ஐரோப்பாவின் சூடான கண்ணாடிச் செடிக்கூடங்களில் குடியேறியிருக்கும் இதில் ஆண் என்று ஒன்று இதுவரை கிடைக்கவே இல்லை. பெண் கூடாமலேயே பெண்களைப் பெறுகிறது என்று சோதனைக்கூடத்தில் காட்டியும் இருக்கிறார்கள்.

"வெளிநாட்டுச் சிலந்தி" என்ற சொல்லில் ஒரு நியாயம் பார்க்க வேண்டியிருக்கிறது. பிரவுன் விடோவின் சொந்த ஊர் எது என்பதே இன்னும் தீரவில்லை. 1841-இல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது கையில் இருந்த மாதிரி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, ஆனால் பலர் ஆப்பிரிக்காவே தாய்வீடு என்கிறார்கள். பெயர் வைப்பதற்கு முன்பே கப்பலேறிவிட்ட இனம் அது. இந்தியாவுக்கு வந்தேறி என்றுதான் கருதப்படுகிறது. ஆனால் இந்தப் பயணம் ஒருவழி அல்ல. நம் வீட்டுச் சுவரில் இரவில் விளக்குக்குப் பக்கத்தில் கை அகலத்துக்கு உட்கார்ந்திருக்குமே, வெள்ளை வட்டத்தை நெஞ்சுக்குக் கீழே கட்டிக்கொண்டு, அது ஹெட்டெரோபோடா வெனடோரியா என்ற ஹன்ட்ஸ்மேன் சிலந்தி. ஆசியாவிலிருந்து கிளம்பி இன்று உலகின் வெப்ப நாடுகள் எல்லாவற்றிலும் இருப்பதாகக் கருதப்படுகிறது. வாழைத்தாரோடு அடிக்கடி போய் இறங்கியதால் சில நாடுகளில் அதற்கு வாழைச் சிலந்தி என்றே பெயர். தாய் முட்டைப் பையைத் தன்னோடு தூக்கிக்கொண்டே திரிகிறது, பயணத்துக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? அதன் ஆண் பெண்ணை அழைக்கும்போது கால்களை அதிரவிட்டு மெல்லிய ரீங்காரம் எழுப்பும். தயவுசெய்து அதை அடிக்காதீர்கள், கரப்பான் பூச்சியைத் தின்பது அது.

பிரவுன் விடோ இங்கே என்ன கெடுதல் செய்யும் என்ற கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவிலிருந்து இரண்டு விஷயங்கள் தெளிவாகத் தெரியும். தெற்குக் கலிஃபோர்னியாவில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவி, வீட்டுச் சுற்றுப்புறங்களில் உள்ளூர்க் கறுப்பு விடோவைவிட அதிகமாகிவிட்டது. 2023-இல் வெளியான ஃபுளோரிடா ஆய்வில், கறுப்பு விடோவோடு ஒரே இடத்தில் விட்டபோது பிரவுன் விடோ அதைத் தேடிப் போய்த் தாக்கித் தின்றது. மற்ற சில சிலந்திகளை அந்த அளவு தொடவில்லை. இதை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டிலும் அப்படியே நடக்கும் என்று சொல்வது அவசரம். இங்கே மழை வேறு, எதிரிகள் வேறு, புழுப் பருவத்தில் முட்டைப் பைக்குள் இருந்து சிலந்தி முட்டைகளைத் தின்னும் குளவிகள் வேறு. வாட்ஸ்அப்பில் வரும் "சென்னையைச் சூழும் கொலைகாரச் சிலந்தி" பாணிச் செய்திகளுக்கு அடிப்படை எதுவும் இல்லை.

கடி விஷயம். விஷம் உண்டு, துளிக்குத் துளி பார்த்தால் வீரியமானதுதான். ஆனால் இந்தச் சிலந்தி செலுத்தும் அளவு குறைவு, சுபாவமும் பயந்தது. தொட்டால் உருண்டு கீழே விழுந்து செத்ததுபோல் கிடக்கும். பதிவான கடிகளில் பெரும்பாலானவற்றில் கடித்த இடத்தில் வலி, சிவப்பு, கொஞ்சம் வீக்கம், அவ்வளவுதான். கடுமையாகி மருத்துவமனைக்குப் போனவர்களும் அரிதாக உண்டு. ஆகவே குழந்தை, முதியவர் யாரையாவது கடித்து வலி பரவினாலோ, தசை இறுகினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, வாந்தி வந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். முடிந்தால் சிலந்தியைப் படமெடுத்துக்கொண்டு போங்கள். அப்புறம், நம் ஊரில் தோலில் வரிசையாகக் கொப்புளம் வந்தாலே "எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பெய்துவிட்டது" என்பார்கள். சிலந்தியால் அப்படி வராது. பெரும்பாலும் அது அக்கி, அல்லது பெடரஸ் என்ற சின்ன வண்டு உடம்பில் நசுங்கியதால் வந்த புண். அதற்கான சிகிச்சையே வேறு.

கடைசியாக, பார்க்கிங்கில் செய்ய வேண்டியது. மருந்து அடிக்கும் ஆட்களைக் கூப்பிடுவதற்கு முன் யோசியுங்கள். முட்டைப் பையின் நெருக்கமான நூலுக்குள் மருந்து சரியாக இறங்காது, நல்ல சிலந்திகள்தான் முதலில் சாகும். தடித்த கையுறை போட்டுக்கொண்டு நாற்காலியைக் கவிழ்த்து, உருண்டைகளை ஒட்டடைக் குச்சியால் எடுத்து, மூடி போட்ட டப்பாவில் சோப்புத் தண்ணீரில் அமுக்கி வையுங்கள், அல்லது செருப்புக் காலால் தரையில் நன்றாக நசுக்கிவிடுங்கள். பிறகு தாய். அப்புறம் பார்க்க வேண்டிய இடங்கள்: நெடுநாள் எடுக்காத பைக்கின் ஃபுட்போர்டுக்குக் கீழே, பூந்தொட்டி விளிம்பின் உள்பக்கம், மீட்டர் பெட்டியின் அடி, குழந்தைகளின் பழைய சைக்கிள் சீட்டுக்கு அடியில். கலிஃபோர்னியாவில் வீடு வீடாகத் தேடியபோது ஆட்கள் புழங்கும் அறைகளுக்குள் இது கிடைக்கவில்லை, வெளியே கிடக்கும் பொருள்களின் அடியில்தான் கிடைத்தது. ஆகவே படுக்கையறையை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். ஆனால் குஞ்சுகள் சில மாதத்திலேயே முதிர்ந்துவிடும் என்பதால் ஒருமுறை துடைத்தால் போதாது, மாதம் ஒருமுறை அந்த இடங்களைக் கவிழ்த்துப் பாருங்கள். எடுப்பதற்கு முன் வயிற்றுப் பக்கமும் முட்டைப் பையும் தெரியும்படி இரண்டு படம் எடுத்து இங்கே போட்டால் இனத்தை உறுதிப்படுத்திச் சொல்கிறேன். உருண்டைகளில் எதிலாவது சின்ன வட்ட ஓட்டை இருந்தால் அதையும் எழுதுங்கள். அந்தப் பையின் குஞ்சுகள் பெரும்பாலும் வெளியேறிவிட்டன என்று அர்த்தம், தேட வேண்டிய பரப்பு இன்னும் கொஞ்சம் கூடும்.